நகர மண்டபச் சுவருக்கு சிமென்ட் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணம் போர்ட்டர் டவுன் ஹாலில் 1897-ல் விவேகானந்தர் பேசினார். அந்தக் காலத்து மண்டபங்கள் பல சிறு நகரங்களில் பூட்டிக் கிடக்கின்றன. திறக்க முடிவெடுத்ததும் முதலில் பூசப்படுவது சிமென்ட். கேடும் அங்கேதான் தொடங்குகிறது. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியின்றி உப்பு பூத்து, பூச்சு பாளம் பாளமாக உரியும். மெட்ராஸ் தளத்தில், அதாவது தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பால் கட்டிய கூரையில், இன்னும் மோசம்: சுவருக்குள் நுழையும் தேக்குக் கட்டைகளின் முனை மக்கிவிடும். ஒவ்வொரு முனையையும் குத்தூசியால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கினால் அந்தப் பகுதியை மாற்றியே ஆகவேண்டும். அதற்கும் முன் மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் அடைப்பை எடுங்கள். பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. மெல்லக் காய ஈரச்சாக்கு. 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சாய்தளமும் கழிப்பறையும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். பிறகு சேர்த்தால் சுவரை மறுபடி உடைப்பார்கள்.

— மரபுக் கட்டடப் பணியாளர்கள், தஞ்சாவூர் மாவட்டம்