கடைசி வீட்டில் பக்கெட் வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்து வீடுகளுக்கெல்லாம் குழாயில் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் எந்த மாவட்டத்தில் எத்தனை சதவீத வீடுகளுக்குக் குழாய் கொடுத்தாயிற்று என்ற செய்தி அடிக்கடி வருகிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று திட்டம் அறிவிக்கப்பட்டபோது நாடு முழுக்க 3.23 கோடி கிராமப்புற வீடுகளில்தான் குழாய் இருந்தது. 2025 தொடக்கத்தில் அது 15 கோடியைத் தாண்டியது. பெரிய வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் திட்டம் வாக்களித்திருப்பது ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், குடிக்கத்தக்க தண்ணீர், தவறாமல். அதை எப்படி அளப்பது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அளப்பது சுலபம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர் வேண்டும். ஊரில் தினம் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள் என்றால், 10 லிட்டர் பக்கெட் 2 நிமிடம் 43 விநாடிக்குள் நிறைய வேண்டும். 6 நிமிடம் பிடித்தால் அந்த வீட்டுக்குக் கிடைப்பது 100 லிட்டர், தலைக்கு 25. ஊரே தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பைப் முடிகிற கடைசி வீட்டிலும் மேட்டுத் தெருவிலும் அளக்க வேண்டும். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் அளந்தால் எல்லா ஊரும் பாஸ்.

கடைசி வீட்டுக்கு வராமல் போவது ஏன்? பல ஊர்களில் தெருக்குழாய்க்காக எப்போதோ போட்ட பழைய லைனிலேயே வீட்டு இணைப்புகளையும் கோத்துவிட்டார்கள். 90 மில்லிமீட்டர் பைப்பில் மீட்டருக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நிற்கும். ஒரு கிலோமீட்டர் லைனில் 5,000 லிட்டர். தண்ணீரை நிறுத்தியதும் பள்ளத்துத் தெருவில் திருகு போன குழாய்கள் வழியாகவும் ஒழுகும் ஜாயின்ட் வழியாகவும் லைன் காலியாகிவிடுகிறது. மறுநாள் முதல் 5,000 லிட்டர் பைப்பை நிரப்பவே போகிறது. அதுவரை கடைசி வீட்டுக் குழாயில் உஸ்ஸென்று காற்றுதான் வரும். மீட்டர் வைத்திருந்தால் அந்தக் காற்றுக்கும் முள் சுற்றும்! தண்ணீர் எட்டிப் பார்க்கும்போது நிறுத்தும் நேரம் வந்துவிடுகிறது.

இதற்குப் புதுத் தொட்டி கேட்டு மனுக் கொடுப்பதுதான் வழக்கம். 30,000 லிட்டர் தொட்டியை ஒருமுறை நிரப்பினால் 130 வீட்டுக்குக் கணக்குச் சரியாக இருக்கும். அத்தகைய ஊருக்குத் தேவை இன்னொரு தொட்டி அல்ல, லைனைத் திறந்து மூடும் இரண்டு மூன்று கேட் வால்வுகள். மேடு தனி, பள்ளம் தனி என்று லைனைப் பிரித்து, முறைவைத்துத் திறந்துவிட வேண்டும். ஏற்கெனவே இருந்த வால்வுக் குழியின் மேல் சிமென்ட் சாலை போட்டு மூடிய ஊர்கள் உண்டு. முதலில் அதைத் தேடி எடுங்கள். இணைப்பு எடுக்கும் இடத்தில் பைப்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் சாடில் கிளாம்ப் போட்டு, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு ஓட்டைதான் இருக்க வேண்டும். பைப்பைச் சுட்டுத் துளைத்து எடுத்த இணைப்பு ஒழுகத்தான் செய்யும். தொட்டியருகே ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்ட நாலு வீடு போதும், தெருக்கோடி வறண்டுவிடும்.

அழுத்தம் குறைந்தால் மக்கள் இரண்டு வழி கண்டுபிடிக்கிறார்கள். ஒன்று, குழாயில் மாட்டித் தண்ணீரை உறிஞ்சும் டுல்லு மோட்டார், இன்னொன்று குழி தோண்டிக் குழாயைத் தரைக்குக் கீழே இறக்குவது. இரண்டுமே ஆபத்து. மோட்டார் இழுக்கும்போது லைனுக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒழுகும் ஜாயின்ட்டைச் சுற்றி நிற்கும் சாக்கடை நீர் உள்ளே போகிறது. குழியில் தேங்கிய கழுவு நீரோ, தண்ணீர் நின்று லைன் காலியாகும்போது குழாய் வழியே பின்னோக்கி ஏறிவிடும். மோட்டாரைப் பறிமுதல் செய்வது சரிதான். ஆனால் வால்வைச் சரிசெய்யாமல் பறித்தால் அடுத்த மாதம் வேறு மோட்டார் வந்துவிடும்.

குளோரின் விஷயத்துக்கு வருவோம். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பக்கெட்டில் கரைத்து, கால்மணி நேரம் தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிட வேண்டும். வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் வீரியம் போய்விடும். கிராம் சரியாக இருந்தும் பலன் இராது. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டியும் தருவது இதற்குத்தான். அந்தப் பெட்டி ஊராட்சி அலுவலக பீரோவில் இருக்கிறதா, கைக்கு வந்ததா என்று கேளுங்கள். அவசரத்தில் தொட்டியை விட்டுவிட்டு, போர்வெல் மோட்டாரிலிருந்தே தெரு லைனுக்கு நேராக ஏற்றும் பழக்கமும் இருக்கிறது. அன்றைக்குக் குளோரின் கிடையாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இன்னொரு கவனம் வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் அங்கே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. காவிரித் தண்ணீர் குறையும் நாளில் அதே தொட்டியில் போர்வெல் நீரைக் கலந்தால் திட்டத்தின் நோக்கமே கெட்டது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. காய்ச்சினால் அது போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். போர்வெல் நீருக்குத் தனித் தொட்டியும் தனிக் குழாயும் வைத்து, புழக்கத்துக்கு மட்டும் விடலாம்.

பணம் எங்கே என்பார்கள். 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. இரண்டு வால்வும் ஒரு மாற்று மோட்டாரும் அதற்குள் அடங்காத செலவல்ல. மாற்று மோட்டார் கையில் இருந்தால், போர்வெல் மோட்டாரின் காயில் எரிந்து ரீவைண்டிங் முடிந்து வரும்வரை ஊர் காய வேண்டியதில்லை.

ஓர் ஊரில் எல்லா வீட்டுக்கும் குடிநீர் வந்துவிட்டது என்று துறை சான்று கொடுத்தாலும், அதைக் கிராம சபையில் வாசித்து, மக்கள் ஒப்புக்கொண்டு தீர்மானம் போட்ட பிறகே ஊர் சான்றளிக்கப்பட்டதாகும். சபை நடந்ததை வீடியோவாகவும் பதிவேற்ற வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் அதில் ஒன்று. சபைக்கு முந்திய மூன்று நாள், கடைசி வீட்டிலும் மேட்டு வீட்டிலும் பக்கெட் நிறைய எத்தனை நிமிடம் ஆயிற்று, குளோரின் எவ்வளவு இருந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். சான்றை வாசித்ததும் அந்தத் தாளையும் வாசிக்கச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்,
சேலம் மாவட்டம்.