சுட்ட பிறகு சொல்லும் முதல் வார்த்தை: தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், மாநகர ஆணையர்கள், மாவட்டக் கண்காணிப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

காவல்துறை யாரையாவது சுட்டது என்று செய்தி வந்தால், எங்களில் பலர் இப்போது அதை முழுதாகப் படிப்பதே இல்லை. அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று முன்பே தெரிந்திருக்கிறது. பதுக்கி வைத்த ஆயுதத்தை எடுக்க அதிகாலையில் அழைத்துச் சென்றோம், தப்பி ஓடப் பார்த்தார், நாட்டுத் துப்பாக்கியால் சுட்டார், அல்லது அரிவாளால் வெட்டினார், காவலருக்குக் கையில் காயம், தற்காப்புக்காகச் சுட்டோம். ஊர் மாறுகிறது, பெயர் மாறுகிறது, இந்த நான்கைந்து வரிகள் மட்டும் மாறுவதில்லை. இவற்றில் சில முழு உண்மையாகவே இருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எது உண்மை, எது இல்லை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு நீங்கள் ஒரு வழியும் விட்டு வைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் துறை மீது எனக்கு வெறுப்பு இல்லை. 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில், ஆடு திருடர்களை இரவில் விரட்டிச் சென்ற இன்னொரு சிறப்பு உதவி ஆய்வாளர் புதுக்கோட்டை மாவட்டத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். இரவு ரோந்துக்குப் போகும் காவலரின் வீட்டில் என்ன பயம் இருக்கும் என்று எங்களுக்கும் புரியும். தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து வரும்போது காவலர் சுடலாம். சட்டம் அதை ஏற்கிறது, நானும் ஏற்கிறேன். அந்த உரிமையை ஊர் சந்தேகிக்காமல் இருக்க வேண்டுமானால், சுட்ட பிறகு என்ன நடந்தது என்பதைச் சுட்டவர்களுக்குச் சம்பந்தம் இல்லாத ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். ஆனால் இந்த ஒன்றுதான் இங்கே நடப்பதே இல்லை.

தூத்துக்குடியைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. 2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தின் 100-வது நாள். மக்கள் குடும்பம் குடும்பமாக ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி நடந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பதின்வயதுப் பெண் ஒருவரும் உண்டு. கூட்டத்தைக் கலைக்கத்தான் சுட வேண்டியிருந்தது என்றால் தாழ்வாகச் சுட்டிருக்க வேண்டும். இறந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தலையிலும் மார்பிலும்தான் குண்டு பாய்ந்திருந்தது. சாதாரண உடையில் இருந்த காவலர் ஒருவர் வேன் கூரை மீது ஏறிக் குறிபார்க்கும் காட்சியை நாடே பார்த்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் முடக்கப்பட்டது. தன் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று ஒரு தாய் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அது நடந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அரசுத் தரப்பு அன்று சொன்னது, தவிர்க்க முடியாத சூழலில் சுட நேர்ந்தது என்பது. தேசிய மனித உரிமை ஆணையம் அதே ஆண்டு விவகாரத்தை முடித்துக்கொண்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் நான்கு ஆண்டுகள் விசாரித்தது. அதன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. போராட்டக்காரர்கள் தரப்பில் அப்படிச் சுடும் அளவுக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை, சிதறி ஓடியவர்களை மறைவில் இருந்து சுட்டிருக்கிறார்கள் என்று அந்த அறிக்கை சொன்னது. உயரதிகாரிகள் உட்பட 17 காவல்துறையினர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. இப்படிச் சொன்னது எதிர்க்கட்சி மேடையும் இல்லை, போராட்டக் குழுவும் இல்லை. அரசே அமைத்த ஆணையம்.

அப்படியானால் முதல் நாள் எங்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கம் தவறு. அந்த அறிக்கை வந்த அன்றாவது, உங்கள் துறையின் மூத்த அதிகாரி ஒருவர் தூத்துக்குடிக்குப் போய், இறந்தவர்களின் குடும்பங்கள் முன்னால் நின்று, “நாங்கள் சொன்னது தவறு” என்று சொல்லியிருக்க வேண்டும். வழக்கும் தண்டனையும் நீதிமன்றத்தின் கையில் இருக்கின்றன, சரி. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டாமே.

வட அயர்லாந்தின் டெரி நகரில் 1972 ஜனவரி 30 அன்று ஊர்வலமாகப் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள். சில வாரங்களில் வந்த முதல் விசாரணை அறிக்கை ராணுவத்தைப் பெருமளவு காப்பாற்றியது. பிறகு புதிதாக ஒரு விசாரணை வைத்து, 2010-இல்தான் உண்மை அதிகாரபூர்வமாக வெளிவந்தது. பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் எழுந்து, நியாயப்படுத்தவே முடியாத செயல் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். இடையில் 38 ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறையே அரசின் எந்த விளக்கத்தையும் நம்பாமல் வளர்ந்து முடித்துவிட்டது. தூத்துக்குடியில் அன்று பத்து வயதில் இருந்த பிள்ளைகள் இன்று வாக்காளர்கள். அவர்களில் சிலர் உங்கள் காவலர் தேர்வுக்கே விண்ணப்பிப்பார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ரவுடி என்று பெயர் எடுத்த ஒருவர் சுடப்பட்டால் கைதட்டும் கூட்டம் இருக்கிறது. சமூக ஊடகத்தில் ‘சிங்கம்’ என்று எழுதுகிறார்கள். இதைப் பார்த்து மக்கள் உங்களை நம்புகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கைதட்டுபவர் நீதிமன்றத்தின் மீது நம்பிக்கை இழந்தவர். வழக்கு பத்து வருடம் இழுக்கும், சாட்சி பிறழ்வார், குற்றவாளி ஜாமீனில் வருவார் என்று சலித்துப்போனவர். அந்தச் சலிப்புக்கு உங்கள் விசாரணையின் தரமும் ஒரு காரணம். அவர் வீட்டுப் பையனை ஒரு நாள் சந்தேகத்தின் பேரில் நிலையத்துக்கு அழைத்துப் போனால், அன்று கைதட்டிய அதே மனிதர் வக்கீலைத் தேடி ஓடுவார்.

ஹைதராபாத் அருகே 2019 டிசம்பர் 6 அன்று, பெண் மருத்துவர் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகக் கைதான நான்கு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போலீஸ்காரர்கள் மீது மக்கள் பூத்தூவினார்கள். அந்தக் கொடூரத்தின் மீது எல்லாருக்கும் இருந்த கோபம் எனக்கும் இருந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் என்ன சொன்னது? கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள், 10 காவல்துறையினர் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்று சொன்னது. இறந்தவர்களில் மூன்று பேர் சிறுவர்கள் என்றும் சொன்னது. அந்த நான்கு பேர்தான் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் கடைசி வரை தீர்ப்புச் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் முடியாது. இறந்த அந்தப் பெண்ணுக்கும் அது அநியாயம்தான்.

2015 ஏப்ரல் 7 நினைவிருக்கிறதா? சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தவர்கள், கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள். தமிழ்நாட்டில் அதை ஒருவரும் நம்பவில்லை. கட்சி பேதம் இல்லாமல் எல்லாரும் சுதந்திரமான விசாரணை கேட்டார்கள். நம் ஆட்களைப் பக்கத்து மாநில போலீஸ் சுட்டபோது நாம் கேட்ட அதே கேள்வியை, நம் போலீஸ் சுடும்போது கேட்டால் மட்டும் ஏன் அது ரவுடிக்கு ஆதரவு ஆகிறது?

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிர அரசுக்கு எதிராக மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில் 16 வழிமுறைகளை வகுத்தது. துப்பு கிடைத்தால் எழுத்திலோ மின்னணு வடிவிலோ பதிவு செய்ய வேண்டும். மரணம் நேர்ந்தால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். சிபிசிஐடியோ வேறு நிலையத்தைச் சேர்ந்த குழுவோ விசாரிக்க வேண்டும். நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை கட்டாயம். பிரேதப் பரிசோதனையை இரண்டு மருத்துவர்கள் செய்து வீடியோ எடுக்க வேண்டும். சுட்டவர்கள் ஆயுதத்தை ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் முடிந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ தரக் கூடாது. இவை இந்த நாட்டின் சட்டம். ஆனால் ஒவ்வொரு சம்பவத்திலும் இவற்றில் எவை நடந்தன என்று நீங்கள் எங்களிடம் சொல்வதில்லை. சுட்ட செய்தி அரை மணி நேரத்தில் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வருகிறது. நடுவர் விசாரணையின் முடிவு ஒரு நாளும் அப்படி வந்ததில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 105-வது பிரிவின்படி, சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளியோடு பதிவு செய்ய வேண்டும். கொலை வழக்கிலும், சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்த வழக்கிலும் கைதானவருக்குக் கைவிலங்கு போடலாம் என்று 43-வது பிரிவு அனுமதிக்கிறது. அப்படியானால், ஆயுதத்தைப் பறிமுதல் செய்யத்தான் அழைத்துப் போனோம் என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சம்பவத்திலும் கேமரா இருந்திருக்க வேண்டும். ஆபத்தானவர் என்று தெரிந்தே அழைத்துப் போனவரின் கையில் விலங்கு இருந்திருக்க வேண்டும். கேமரா எங்கே? விலங்கு ஏன் இல்லை? அதிகாலை இருட்டில்தான் போக வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? இந்தக் கேள்விகளுக்கு உங்களிடம் நல்ல பதில்கள் இருக்கலாம். சொல்லுங்கள், கேட்கிறோம். நிலையத்தை விட்டுக் கிளம்பும்போதே கேமராவை ஓட விட்டால், உண்மையிலேயே தாக்கப்பட்டுச் சுட்ட காவலருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு எதுவும் இல்லை.

அப்புறம், புகார் சொல்லும் இடம். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவல்துறை மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் கொண்டு வந்த சட்டத்தில் அந்த ஆணையத்துக்குத் தலைவர் யார்? உள்துறைச் செயலாளர். உறுப்பினர்களில் ஒருவர் நீங்களே. மாவட்ட அளவில் ஆட்சியரும் கண்காணிப்பாளரும். தூத்துக்குடியில் மகனைப் பறிகொடுத்தவர் போலீஸ் மீது புகார் சொல்ல மாவட்டக் கண்காணிப்பாளரிடமே போக வேண்டும் என்பது இதன் பொருள். சட்டத்தைத் திருத்துவது சட்டப்பேரவையின் வேலை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாற்காலி எனக்கு வேண்டாம், ஒரு நீதிபதி அதில் உட்காரட்டும் என்று துறையின் தலைவரே அரசுக்கு எழுதினால் அந்தக் கடிதத்தை யாராலும் ஒதுக்கிவிட முடியாது.

உங்களுக்குள் உண்மை பேசுபவர்கள் இல்லாமல் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் அடித்துக் கொல்லப்பட்டபோது, நீதித்துறை நடுவரிடம் நடந்ததைச் சொன்னவர் அதே நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். நிலையத்தின் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. பதிவு மிஞ்சாத இடத்தில் அவருடைய சாட்சியம்தான் நின்றது. அவர் எவ்வளவு பயந்தார் என்பதையும் நடுவரின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. சக காவலர்களைக் கண்டு பயந்துகொண்டே ஒரு காவலர் உண்மை சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் பயிற்சிப் பள்ளிகளில் அவரைப் பற்றிப் பாடம் நடத்துங்கள். ‘காவல்துறை உங்கள் நண்பன்’ என்று சுவரில் எழுதுவதை விட அது எங்களுக்கு அதிகம் சொல்லும்.

முடிவாக, நாளைக்கே உங்களால் செய்யக்கூடிய இரண்டைக் கேட்கிறேன். இவற்றுக்குப் புதிய சட்டமோ நிதியோ தேவையில்லை. ஒன்று, சுட்ட உடனே வெளியிடும் செய்திக்குறிப்பில் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்: இடம், நேரம், எத்தனை பேர் சுட்டார்கள், யார் விசாரிக்கப் போகிறார்கள். ‘தற்காப்பு’ என்ற முடிவை விசாரிப்பவர் சொல்லட்டும். இறந்தவர் மீது எத்தனை வழக்கு என்ற பட்டியல் அந்தக் குறிப்பில் வேண்டாம். வழக்கு இருந்தது என்பது சுட்டதற்குக் காரணம் ஆகாது. குடும்பத்தாருக்குச் சொன்ன பிறகே ஊடகங்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது. காவல்துறை சுட்டதில் நேர்ந்த மரணங்கள் பற்றி ஆறு மாதங்களுக்கு ஒரு முறை, ஜனவரி 15-க்குள்ளும் ஜூலை 15-க்குள்ளும், ஒவ்வொரு மாநில டிஜிபியும் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்று அந்த 2014 தீர்ப்பு சொல்கிறது. சம்பவம், விசாரணை அமைப்பு, நடுவர் விசாரணையின் முடிவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். டெல்லிக்கு அனுப்பும் அந்த அறிக்கையின் தமிழ்ப் பிரதியை அதே நாளில் உங்கள் இணையதளத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 2018-இலிருந்து அனுப்பியவற்றையும் சேர்த்து.

இப்படிக்கு,
தமிழ்நாட்டுக் குடிமகன் ஒருவன்