பிழை காட்டாத பிழைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பங்கு விலையை ஃபார்முலா மூலம் கூகுள் ஷீட்டில் வரவழைப்பது பற்றி வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரை தெளிவாக இருந்தது. ஆனால் ஃபார்முலா பிழை காட்டினால் ‘இஃப்எரர்’ போட்டு 0 ஆக்கிவிடலாம் என்ற யோசனையை ஏற்பதற்கில்லை. ஒரு பங்கின் விலை கிடைக்காத நேரத்தில் அந்த 0 மொத்தக் கணக்கில் போய்ச் சேரும். முதலீடு திடீரெனச் சரிந்ததுபோல் தெரியும், காரணம் தெரியாது. செல்லில் ‘என்/ஏ’ (விடை கிடைக்கவில்லை என்ற பிழைக்குறி) என்றே நிற்கட்டும். மொத்தமும் ‘என்/ஏ’ ஆகிவிடும். ஆகட்டும், அப்போதுதானே தேடிப் பார்ப்போம்?

உண்மையில் பயப்பட வேண்டியது, பிழையே காட்டாமல் வரும் தவறான விலைக்குத்தான். கூகுள்ஃபைனான்ஸ் ஃபார்முலாவில் நிறுவனத்தின் குறியீட்டை மட்டும் கொடுத்தால், எந்தச் சந்தை என்பதை கூகுளே ஊகித்துக்கொள்ளும். அதே குறியீடு வேறொரு நாட்டுச் சந்தையிலும் இருந்தால் அந்த விலை வந்து உட்காரும். ஆகவே சந்தையின் பெயர், முக்காற்புள்ளி, குறியீடு என்ற வரிசையில் கொடுக்க வேண்டும்: அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் உள்ள ஆப்பிள் பங்குக்கு ‘நாஸ்டாக்:ஏஏபிஎல்’ என்பதுபோல. (அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான்.) பக்கத்துச் செல்லில் ‘கரன்சி’ (விலை எந்த நாணயத்தில்) என்ற பண்பையும் கேட்டு வைத்தால், சந்தை மாறிப்போனது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

கட்டுரை தொடாமல் விட்டது பழைய விலை. ஃபார்முலாவில் தேதியைச் சேர்த்ததும் விடை ஒரே எண்ணாக வராது. தலைப்பு வரிசையோடு, தேதியும் விலையுமாக ஒரு சிறு அட்டவணை விரியும். எண் மட்டும் வேண்டுமென்றால் முழு ஃபார்முலாவையும் ‘இண்டெக்ஸ்’ என்பதற்குள் வைத்து இறுதியில் 2, 2 (இரண்டாம் வரிசை, இரண்டாம் நெடுவரிசை) என்று கொடுக்க வேண்டும். கேட்ட தேதி விடுமுறை நாளாக இருந்தால் இதுவும் ‘என்/ஏ’ காட்டும்.

அதனால் பலரும் முழுக் காலத்துக்குமான விலைகளைத் தனி ஷீட்டில் இறக்கிவிட்டு, ‘விலுக்அப்’ மூலம் தேடுகிறார்கள். நல்ல வழிதான், ஆனால் இங்கேதான் பொறி. இறங்கும் தேதிகளோடு சந்தை முடியும் நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். செல் வெறும் தேதியாகக் காட்டினாலும் உள்ளே இருப்பது, நாஸ்டாக் பங்கென்றால், அந்த நாளின் மாலை 4 மணி. நாம் தேடும் தேதியோ அதே நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணி. ‘விலுக்அப்’ ஃபார்முலாவின் கடைசி இடத்தில் ‘ஃபால்ஸ்’ (அச்சாகப் பொருந்த வேண்டும்) கொடுத்தால் இரண்டும் பொருந்தாமல் ‘என்/ஏ’ வரும். ‘ட்ரூ’ (இல்லையென்றால் அதற்கு முந்தையது போதும்) கொடுத்தால் முந்தைய வணிக நாளின் விலை சத்தமில்லாமல் வரும். தீர்வு எளிது: ‘ட்ரூ’ இருக்கட்டும், தேடும் தேதியோடு 1 கூட்டிக்கொள்ளுங்கள். அந்த நாளின் முடிவு விலை வரும். விடுமுறை நாளென்றால் அதற்கு முந்தைய வணிக நாளின் விலை வரும்.

வாங்கிய விலையை மட்டும் ஃபார்முலாவில் எடுக்கவே கூடாது. பங்கு பிரிக்கப்பட்டால் பழைய விலைகளையும் கூகுள் அதற்கேற்பக் குறைத்துவிடும். ஆப்பிள் பங்கு 2020 ஆகஸ்ட் 28 அன்று 499.23 டாலரில் முடிந்தது. ஆகஸ்ட் 31 முதல் 1 பங்கு 4 ஆனது. இன்று ஆகஸ்ட் 28-ன் விலையைக் கேட்டால் வருவது சுமார் 124.81. அன்றைய எண்ணிக்கையை இதனால் பெருக்கினால் போட்ட பணம் நான்கில் ஒன்றாகிவிடும். தரகர் அனுப்பிய ரசீதைப் பார்த்துக் கையால் அடிப்பதே சரி. ஆண்டு முடிவுக் கணக்குக்கு எடுத்த விலைகளையும் நகலெடுத்து, ‘மதிப்பு மட்டும்’ என்று ஒட்டி உறைய வைத்துவிட வேண்டும்.

எக்ஸெலில் இந்த வேலைக்கு ‘ஸ்டாக்ஹிஸ்டரி’ இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் மட்டும். அது முடிந்துபோன நாட்களின் விலைக்கானது. சந்தை நடக்கும்போது உள்ள விலைக்கு ‘டேட்டா’ பட்டியில் உள்ள ‘ஸ்டாக்ஸ்’ வகையைத்தான் பயன்படுத்த வேண்டும். கூகுளின் ‘இப்போதைய’ விலையும் 20 நிமிடம் வரை பிந்தியிருக்கலாம். அதைப் பார்த்து ஆர்டர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்