ஒரே வருடம் ஆடிய ஒன்ராறியோ ரைடர்ஸ்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. ஓய்வூதியக் கோப்பு ஒருவழியாக நகர்ந்துவிட்டதாமே, நல்லது, இனியாவது அந்தக் கந்தோர் வாசலில் போய் நிற்கத் தேவையில்லை. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் வேலை மாறிவிட்டாள், சம்பளமும் கூட, தூரமும் கூட.

2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லக்ரோஸ் சேர்த்திருக்கிறார்கள், அதை அங்கே யாராவது பார்க்கிறார்களா என்று கேட்டிருந்தாய். என்னடா இப்படிக் கேட்டுவிட்டாய்! கனடாவின் கோடைகாலத் தேசிய விளையாட்டே அதுதான், 1994இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ஆதியில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹோடனோஷோனி மக்கள் போன்றோருடைய ஆட்டம். வெளி மைதானத்தில் ஆடியதை 1930களில் கோடையில் சும்மா கிடந்த ஹொக்கி அரங்குகளுக்குள் கொண்டுவந்தார்கள். அதைத்தான் பொக்ஸ் லக்ரோஸ் என்பார்கள். ஐஸ் மேல் பச்சைக் கம்பளம் விரித்து, பக்கத்துக்கு ஐந்து பேரும் கோல் காக்கும் கோலி ஒருவரும். வலை பின்னிய தடியில் கெட்டி றப்பர் பந்து, கைக்கு வந்து முப்பது வினாடிக்குள் கோலுக்கு அடித்தாக வேண்டும். பந்து பலகைச் சுவரில் மோதும் சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்கும், ஆட்டம் நடக்கும்போதே பாட்டும் அலறிக்கொண்டிருக்கும். எனக்கு கிரிக்கெட்டை விட்டால் இதுதான்.

ஆனால் உனக்குச் சொல்ல நினைத்தது ஒன்ராறியோ ரைடர்ஸ் என்ற லக்ரோஸ் அணியின் கதை. 1987இல் அமெரிக்காவில் நாலே நாலு அணியோடு தொடங்கிய தொழில்முறை லீக், பெயர் மாறி மாறி 1998இல் நேஷனல் லக்ரோஸ் லீக் ஆனது. அந்த வருடம்தான் அதில் முதல் கனேடிய அணி சேர்ந்தது. ஊர் ஹமில்டன், இரும்பாலை ஊர். அரங்கு கொப்ஸ் கொலிசியம். பெரிய ஹொக்கி லீக் அணி ஒன்று வரும் என்று நம்பி 1985இல் பதினேழாயிரம் பேருக்குக் கட்டிவிட்டு, அந்த அணி வராமலே ஏமாந்த கட்டடம். அதற்குள் ரைடர்ஸ் ஆடியது ஒரே ஒரு பருவம். 12 ஆட்டத்தில் 6 வெற்றி, அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. பிறகு அணி கைமாறியது. வாங்கியவர்களில் ஹொக்கி ஜாம்பவான் பொபி ஓரும் ஒருவர். ரொறொன்ரோவுக்குக் கொண்டுபோய் ரொறொன்ரோ ரொக் என்று பெயர் வைத்தார்கள்.

இதைத்தான் பலரும் ‘தோற்றுப்போன அணி’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது சுத்த அநியாயமாகப் படுகிறது. யார் யார் அதில் இருந்தார்கள் என்று பார். பயிற்சியாளர் லெஸ் பார்ட்லி, பஃபலோ அணிக்கு ஏற்கெனவே மூன்று கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர். தலைவர் ஜிம் வெல்ற்மன். கோலி பொப் வொற்சன். புதிதாக வந்த பையன் கொலின் டோயல். இவர்களே மறு வருடம், 1999இல், ரொறொன்ரோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் சம்பியன். 2000இலும் சம்பியன், அதுவும் எப்படி என்கிறாய், ஒரு வினாடி சொச்சம் மிச்சமிருக்கும்போது கேலப் டோத் போட்ட கோல், 14-13. அந்தப் பழைய அரங்கில் நடந்த கடைசித் தொழில்முறை ஆட்டம் அதுதான். 2002, 2003 கிண்ணங்களும் பார்ட்லி கணக்கில்தான். பிறகு புற்றுநோய் வந்து ஒதுங்கினார். 2005 மே 14 ரொக் திரும்பவும் வென்றது, அடுத்த நாள் மனுஷன் போய்விட்டார். இப்போது லீக்கின் சிறந்த பயிற்சியாளர் விருது அவர் பெயரில். வொற்சன் 2011 இறுதி ஆட்டத்தில், நாற்பது வயதுக்காரர், ஆட்டநாயகனாகிக் கிண்ணத்தோடு ஓய்வெடுத்தார்.

இந்த லீக்கில் முக்கால்வாசிப் பேருக்கு வேறு வேலை உண்டு என்பதையும் நினைத்துக்கொள். ஆசிரியர், தீயணைப்பு வீரர், பொலிஸ் என்று வார நாளில் வேலை பார்த்து வெள்ளி, சனியில் விமானம் ஏறுவார்கள். அப்படி ஒரு கூட்டத்துக்கு ஊர் மாறுவதும் பெயர் மாறுவதும் பெரிய விஷயமில்லை, ஆட்கள் கலையாமல் இருந்தால் போதும். நட்டப்பட்டது ஹமில்டன்காரர்தான். விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன்.

வேடிக்கை என்னவென்றால், 2021இல் ரொக் அணி அதே ஹமில்டனுக்கு, அதே கட்டடத்துக்குத் திரும்பி வந்தது. அரங்கின் பெயர் அதற்குள் மாறியிருந்தது. அணி மட்டும் ‘ரொறொன்ரோ’வை விடவில்லை! ஹமில்டன்காரனுக்கு எரியுமா எரியாதா, நீயே சொல்.

யூடியூபில் ஆட்டங்கள் கிடக்கும், ஒன்றைப் பார்த்துவிட்டு எழுது. சின்னவனின் கலியாணப் பேச்சு எதுவரை வந்திருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுது, திகதி தெரிந்தால்தான் நான் லீவு போடலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி