அது சாக்கர் அணி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

போர்க்கால விளையாட்டு பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில், 1943-இல் ஆடிய அமெரிக்காவின் அயோவா கடற்படை விமானிப் பயிற்சி முகாமின் அணி சாக்கர், அதாவது நம் ஊர்க் கால்பந்து, அணி ஆகிவிட்டது. அவர்கள் ஆடியது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து.

10 ஆட்டங்களில் 9 வெற்றி. ஒரே தோல்வி நவம்பர் 20-இல் நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியிடம், 13-14. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்க்கும் டச் டவுனுக்கு 6 புள்ளி, அதன் பின் உதைக்கு 1. அயோவா அணிக்கு அந்த உதை ஒன்று தவறியதுதான் வித்தியாசம். அடுத்த வாரமே கிரேட் லேக்ஸ் கடற்படை முகாம் அணி நோட்டர் டேமை 19-14 என வீழ்த்தியதையும் கட்டுரை விட்டுவிட்டது.

அயோவா அணியின் பயிற்சியாளர் டான் ஃபரோவின் 'ஸ்ப்ளிட் டி' தாக்குதல் முறைக்கு ஒரு வரியாவது தந்திருக்கலாம். முன்வரிசையினர் இடைவெளி விட்டு நிற்பார்கள். எதிரணியும் விரிந்தே ஆகவேண்டும். தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் பின்வாங்காமல் வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்வார். எதிரணியின் ஓரத்து ஆள் தன்மேல் பாய்ந்தால் பந்தை வெளியே ஓடுபவருக்குத் தட்டிவிடுவார். அந்த ஓரத்து ஆள் விலகி நின்றால் தானே உள்ளே புகுந்து ஓடுவார். கொஞ்சம் தயங்கினாலும் பந்து நழுவும். துணைப் பயிற்சியாளர்கள் ஜிம் டேட்டமும் பட் வில்கின்சனும் 1946-இல் இதை ஓக்லஹோமா பல்கலைக்கழக அணிக்குக் கொண்டுபோனார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி