பேரனுக்குப் பால்மாவு வாங்கும்முன்

அன்புள்ள மல்லிகா,

நலம்தானே? இங்கே ஈசூனில் எல்லாரும் சுகம். அவர் தினமும் காலையில் நடக்கிறார், சர்க்கரை குறைந்திருக்கிறது.

பேரனுக்குத் தாய்ப்பால் போதவில்லை என்று மகள் கலங்குவதாக எழுதியிருந்தாய். சுரக்கிற பாலை அவள் தொடர்ந்து கொடுக்கட்டும், போதாததற்கு மட்டும் பால்மாவு கொடுத்தால் போதும். பிரசவம் பார்த்த மருத்துவமனையில் பாலூட்டல் ஆலோசகர் இருப்பார். அவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்.

விலை கூடிய டின்தான் நல்லது என்று சம்பந்தியம்மா சொல்கிறாராமே, அது சரியில்லை. இங்கே சிங்கப்பூரில் 2007இல் 900 கிராம் டின் சராசரியாக 25 வெள்ளி விற்றது, 2016இல் 56 வெள்ளி ஆகிவிட்டது. போட்டித்தன்மை ஆணையம் 2017இல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது நினைவிருக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கென இங்கே விற்கும் எந்த மாவும் சட்டம் சொல்லும் ஊட்டச்சத்து அளவோடுதான் இருக்க வேண்டும். ஆரோக்கியமான குழந்தைக்கு மலிவான டின்னும் போதும். மிச்சமாகும் பணத்தில் உன் மகள் நன்றாகச் சாப்பிடட்டும்.

டின்னைக் கையில் எடுத்ததும் வயதைப் பார். 1 என்று போட்டிருப்பது பிறந்த நாளிலிருந்து கொடுப்பது. 3 என்று போட்ட டின் அதே நிறத்தில், அதே பெயரில் பக்கத்திலேயே இருக்கும். அது ஒரு வயதுக்கு மேல், பேரனுக்கு ஆகாது. ஒரு வயதானதும் வீட்டுச் சாப்பாட்டோடு சாதாரணப் பசும்பாலே போதும், அந்த டின் அப்போதும் தேவையில்லை.

அப்புறம் பின்பக்கத்து அட்டவணை. இரண்டு டின்களை ஒப்பிடும்போது 100 கிராம் மாவுக்கான கணக்கை விட்டுவிட்டு, கரைத்த பால் 100 மில்லிக்கான கணக்கைப் பார். குழந்தை குடிக்கப்போவது அதைத்தானே. அதில் சக்தி 60 முதல் 70 கிலோகலோரிக்குள் இருக்கும். சேர்பொருள்களில் எது அதிகமோ அது முதலில் வரும். லாக்டோஸ் என்று பார்த்துப் பயப்படாதே, தாய்ப்பாலில் உள்ள சர்க்கரையும் அதுதான். லாக்டோஸ் இல்லாதது, சோயா என்றெல்லாம் நாமாக மாற்றக்கூடாது, மருத்துவர் சொன்னால் மட்டும். பசும்பால் ஒவ்வாமை இருந்தால் ஆட்டுப்பால் மாவு கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அதிலுள்ள புரதமும் ஏறக்குறைய அதே மாதிரிதான், ஒவ்வாமை வரும்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது கரண்டியைப் பற்றி. ஒரு டின்னில் ஒரு கரண்டிக்கு 30 மில்லி தண்ணீர் என்று இருக்கும், இன்னொன்றில் 60 என்று இருக்கும். பழைய டின்னின் கரண்டியைப் புதியதில் போடவே கூடாது. கெட்டியாகக் கரைத்தால் பிள்ளையின் சிறுநீரகத்துக்குச் சிரமம், தண்ணீராகக் கரைத்தால் எடை ஏறாது. மாவில் கிருமி இருக்கக்கூடும் என்பதால் கொதித்து ஆறிய தண்ணீர் 70 பாகைக்குக் குறையாமல் இருக்கும்போதே கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்கச் சொல். குடித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

டின் வாங்கியதும் பின்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறேன், அப்படியே உன் வீட்டுக்கும் வந்து பேரனைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

அன்புடன்,
சரோஜா