எட்டுத் தந்தி பேஸும் அத்தையின் தம்புராவும்

செந்தூல், கோலாலம்பூர்
ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமையே வந்து சேர்ந்தது. கண்புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்ததும் அம்மா முதல் வேலையாகப் பேரனின் தலைமுடியைத் திட்டினார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு நானும் வீட்டுக்காரியும் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். அம்மா குரல் அப்படியே காதில் கேட்டது. இங்கே எல்லாரும் நலம். பெரியவள் இந்த ஆண்டு ஐந்தாம் படிவம். எஸ்பிஎம் தேர்வு முடியும்வரை ராத்திரியில் ஆம்பை (ஒலிபெருக்கியை) தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

உன் மகன் பேஸ் கிட்டார் எடுத்துவிட்டான் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஏதோ நிறைந்ததுபோல இருந்தது. அதுவும் எடுத்ததுமே ஐந்து தந்தி! அவனுக்கு 800 வாட் ஆம்ப் வாங்கித் தரலாமா என்று நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாங்கித் தராதே. இருக்கிற 300 வாட் தாராளம். வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 300-லிருந்து 800-க்குத் தாவினால் கிடைப்பது நான்கு டெசிபல் சொச்சம். அதற்காக அத்தனை காசைக் கொட்டாதே.

தனியாக வாசிக்கும்போது அறை அதிர்கிறது, குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போகிறது என்று எழுதியிருக்கிறாய். அவன் ஆம்பில் 'பேஸ்' (கீழ்ச் சத்தம்) குமிழ் முழுக்க மேலே, 'ட்ரெபிள்' (மேல் சத்தம்) மேலே, 'மிட்' (நடுச் சத்தம்) அடியில் இருக்கும். போய்ப் பார். அந்த வயதில் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். பேஸின் கனம் கீழே இருக்கிறது என்று நினைத்து எத்தனை வருஷம் வீணாக்கிவிட்டேன், மச்சான். கனம் மேலே இருக்கிறது. இதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

உன் வீட்டுத் திண்ணையில் இருந்த அந்த ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டரை நினைத்துப் பார். உள்ளங்கை அகல ஸ்பீக்கர். ராஜா பாட்டுகளின் பேஸ் லைனை அதில் கேட்டுத்தானே நாம் படித்தோம்? பல்லவிக்குக் கீழே தனி மெட்டாக ஓடுமே, அதை ஒரு சுரம் விடாமல் முணுமுணுத்தோம். பேஸின் கீழ் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. அந்த ஸ்பீக்கர் அதைக் கனவில்கூட எழுப்பியிருக்காது. வந்ததெல்லாம் அதன் மேல் அதிர்வுகள்: 82, 123, 165 என்று. அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளி 41. காது அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, வராத அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. உன் மகனின் ஐந்தாவது தந்தி பி, ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ். பத்து அங்குல ஸ்பீக்கர் பெட்டிகளில் பெரும்பாலானவை அதை முழு வலுவோடு எழுப்பாது. அவன் கேட்பது 62-ஐயும் 93-ஐயும்தான். ஆம்பெக் எஸ்விடி என்கிற பேஸ் ஆம்ப் 1969-இல் வந்தது, 300 வாட், எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டியோடு. பேஸ் என்றால் இதுதான் என்று உலகமே ஒத்துக்கொண்ட சத்தம். இன்றைக்கு விற்கிற அந்த எட்டு ஸ்பீக்கர் பெட்டியே 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிய ஆரம்பித்துவிடும். அடியாழம் இல்லாமலேதான் அத்தனை பெரிதாகக் கேட்கிறது.

இது எனக்கு உறைத்தது எந்தக் கடையிலும் இல்லை, அத்தையின் தம்புராவில். அத்தைக்கு இப்போது விரல் நடுக்கம், அதனால் அவர் பாட்டு வகுப்புக்கு முன்னால் சுருதி சேர்ப்பது என் வேலை. பஞ்சமம், இரண்டு சாரணி, மந்திரம், நான்கு தந்தியும் சரியாக நிற்கும். ஆனால் சத்தம் மொட்டையாக இருக்கும். பிறகு குதிரைக்கும் (தந்தியைத் தாங்கும் கட்டை) தந்திக்கும் நடுவே இருக்கிற ஜீவாளி நூலை நகத்தால் ஒரு மயிரிழை நகர்த்துவேன். அவ்வளவுதான். அறை முழுக்க விரிந்துவிடும். மந்திரத் தந்தியிலிருந்து யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் என்கிற சுரம் தானாக எழும்பும். ஒரு நாள் அத்தை கண்ணை மூடியபடி, "சத்தம் கூடலை, உயிர் வந்துச்சு" என்றார். அன்றைக்கு ராத்திரியே தேட ஆரம்பித்து, இரண்டு மாதம் கழித்து ஓர் எட்டுத் தந்தி பேஸ் வாங்கினேன். பழையதுதான், 1,800 வெள்ளி.

நீ பார்த்திருக்க மாட்டாய் என்பதால் சொல்கிறேன். அது ஐந்து, ஆறு தந்தி பேஸ் மாதிரி எல்லையை அகலமாக்குவது இல்லை. அதே ஈ, ஏ, டி, ஜி நான்கும்தான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு மெல்லிய தந்தி, ஒரு ஸ்தாயி மேலே. இரண்டையும் ஒரே விரலால் அமுக்க வேண்டும். ஸ்வீடனின் ஹாக்ஸ்ட்ரம் 1967 வாக்கிலேயே இதைச் செய்து விற்றார்கள். சீப் ட்ரிக் குழுவின் டாம் பீட்டர்ஸனுக்கு அதுவும் போதவில்லை. 70-களின் கடைசியில் ஹேமர் கம்பெனியிடம் சொல்லிப் பன்னிரண்டு தந்தி செய்ய வைத்தார். ஒரு தடித்த தந்தி, கூடவே இரண்டு மெல்லியவை. கிட்டார்க்காரர் தனியாக மேலே போய்விட்டாலும் கீழே ஒரு சுவர் நின்றுகொண்டிருக்கும்.

அந்த மெல்லிய தந்திகளின் சுருதி என்ன தெரியுமா? உன் கிட்டாரின் கீழ் நான்கு தந்திகளின் சுருதியேதான். அதற்காகக் கிட்டார் ஸ்ட்ரிங் செட்டை எடுத்து மாட்ட நினைக்காதே. கிட்டாரில் தந்தியின் நீளம் 25.5 அங்குலம், பேஸில் 34. அதே சுருதியில் அதே தடிமனை அந்த நீளத்துக்கு இழுத்தால் இழுவிசை 1.8 மடங்குக்குப் பக்கம் போகும். முக்கால் பங்கு தடிமன் போதும். 46 (அங்குலத்தில் ஆயிரத்தில் 46 பங்கு) போடுகிற இடத்தில் 34, 35. எட்டும் சேர்ந்து கழுத்தை இழுக்கிற இழுப்பு சாதாரணமில்லை. நம் ஊர் ஈரத்தில் மெல்லியவை சீக்கிரம் துரு பிடிக்கும், வாசித்ததும் துணியால் துடைத்துத்தான் வைக்கிறேன். விரலால் மீட்டினால் ஒன்று மட்டும் பேசும், மற்றது ஊமை. பிக் (மீட்டும் வில்லை) வேண்டும், அதுவும் கொஞ்சம் தடியாக.

சுருதி சேர்க்கிற இடத்தில்தான் பொறுமை. தடித்த ஈயின் இரண்டாம் அதிர்வு 82.4; மெல்லியதும் 82.4. அது 83.4 ஆனால் நொடிக்கு ஓர் அலை எழும்பித் தாழும். காதை வைத்து அந்த அலையை மெதுவாக, மிக மெதுவாக ஆக்க வேண்டும். முழுக்க அடக்கிவிட்டால் அழகு போய்விடுகிறது. தம்புராவில் இரண்டு சாரணிக்கும் இதே வேலைதான், கை தானாகப் போகிறது.

போன மாதம் கிள்ளானில் ஒரு கல்யாண டின்னர். முதல் தடவையாக இரண்டு ஆம்ப் கொண்டுபோனேன். சத்தத்தை 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பிரித்து, கீழ்ப் பாதி கம்ப்ரெசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கருவி) வழியாகச் சுத்தமாக பேஸ் ஆம்புக்கு, மேல் பாதி லேசான ஓவர்டிரைவ் கரகரப்போடு ஒரு சின்ன கிட்டார் ஆம்புக்கு. பிரிக்காமல் மொத்தத்துக்கும் ஓவர்டிரைவ் போட்டால் கீழ்ச் சுரம் மேலதோடு சிக்கிச் சேறாகிவிடும். எல்லாம் யோசித்துத்தான் செய்தேன். முதல் பாட்டு ஆரம்பித்ததும் டிரம்ஸ்காரன் திரும்பி, "பேஸ் எங்கடா?" என்று வாயசைத்தான். மெல்லிய தந்திகள் கணீரென்று கேட்கின்றன, அடி இல்லை. கூட்டினேன், இன்னும் மோசம். இரண்டாம் பாட்டு நடுவில் பொறுக்க முடியாமல் கிட்டார் ஆம்பின் கேபிளைப் பிடுங்கினேன். பிடுங்கிய நொடி, தரை வந்து காலுக்குக் கீழே நின்றது! ஒரு ஆம்ப் ஸ்பீக்கர் கூம்பை முன்னே தள்ளுகிற நேரத்தில் மற்றது பின்னே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிட்டன. பிரிக்கிற பெட்டியில் 'ஃபேஸ்' என்று, அலையைத் தலைகீழாக்குகிற ஒரு பட்டன் உண்டு. அமுக்கினேன், கேபிளை மறுபடி செருகினேன். அதற்கப்புறம் வந்த சத்தத்தை எப்படி எழுதுவது? பத்துமலையில் தைப்பூசத்துக்கு உறுமி மேளம் தூரத்தில் வருமே, அடி கேட்பதற்கு முன்னால் அந்த வளைகுச்சி தேய்கிற உறுமல் நெஞ்சில் ஏறுமே, அப்படி. மாப்பிள்ளையின் தாய்மாமா, எழுபதைத் தாண்டியவர், மேடைக்கு வந்து, "இன்னொரு தம்பி எங்க ஒளிஞ்சிருந்து வாசிக்கிறான்?" என்று கேட்டார்.

எட்டுத் தந்தியில் வேகமாக ஓடக்கூடாது என்பதும் அன்றைக்கே புரிந்தது. நீண்ட சுரம், நிறைய இடம். அலிகேட்ஸ் குழுவின் பாட்டு ஒன்று வாசித்தோம், உங்கள் பினாங்குக்காரர்கள். அதன் பாடகர் லோகாவுக்காக நான் எந்த டின்னரிலும் ஒன்று வைத்துவிடுவேன். அதில் பாருக்கு (தாளச் சுற்றுக்கு) இரண்டே சுரம் வாசித்தேன். போதுமானதாக இருந்தது.

உன் மகனுக்கு எட்டுத் தந்தி இப்போது வேண்டாம். இருக்கிற ஐந்தில் இதையே செய்யலாம். 'பேஸ்' குமிழை நடுவுக்கு இறக்கி, மிட்டை 400 முதல் 800 ஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஓர் இடத்தில் கொஞ்சம் ஏற்றச் சொல். எந்த இடம் என்பதைத் தனியாக இருக்கும்போது முடிவு செய்யக்கூடாது, குழு வாசிக்கும்போதுதான். தனியாகக் கேட்டால் அசிங்கமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற ஃபில்டர் இருந்தால் போடட்டும். ஸ்பீக்கர் வீணாக உதறுவது நிற்கும்.

இன்னொன்று. ஜெலுத்தோங்கில் அவர்கள் வாடகைக்கு எடுக்கிற ஜாம் அறை (சேர்ந்து வாசிக்கிற அறை) நாலு மீட்டர் நீளம் என்று எழுதியிருந்தாய். கீழ் ஈயின் அலை நம் ஊர்ச் சூட்டில் 8.4 மீட்டர், பாதி 4.2, கிட்டத்தட்ட அறையின் நீளம். அந்த அறையின் நட்ட நடுவில் நின்றால் அந்த ஈ ஏறக்குறைய செத்துப்போகும், சுவரோரம் பொங்கும். அவன் நடுவில் நின்று கேட்காமல் கூட்டிக்கொண்டே போயிருப்பான், சுவரோரம் இருக்கிற கீபோர்டு பையன் காதைப் பொத்தியிருப்பான். கேட்டுப் பார். இரண்டடி நகர்ந்து நின்றாலே வித்தியாசம் தெரியும், காசே இல்லாமல்.

எஸ்பிஎம் முடிந்த பிறகு பள்ளி விடுமுறையோ சீனப் பெருநாளோ, எது வாகாக இருக்கிறதோ அப்போது அவனைக் கூட்டிக்கொண்டு வா. பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயில் நாலு மணி நேரம்தானே. பேஸை மட்டும் தூக்கி வரச் சொல், ஆம்ப் இங்கே இரண்டு இருக்கிறது. தம்புராவுக்கு ஜீவாளி நூல் தேய்ந்துவிட்டது; நீங்கள் வரும்போது உன் மகனை வைத்தே புது நூல் கட்டிக்கொள்ளலாம் என்று அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளைப் பருத்தி நூல் ஒரு கண்டு அவரே எடுத்துத் தனியாக வைத்துவிட்டார்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன்,
செந்தூல் மச்சான்